குளிர்காலக் காலையில் காரை ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போகலாமா?

கேள்வி:

அண்ணா, நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு டவுன்ஹவுஸில் இருக்கிறோம். வீட்டோடு ஒட்டிய கராஜ். கார் 2016ஆம் ஆண்டு எஸ்யூவி, பட்டனை அமத்தி ஸ்டார்ட் செய்கிற வகை. தை, மாசி மாதங்களில் காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு உள்ளே வந்து, பிள்ளைகளுக்கு ஜக்கெற், பூட்ஸ் எல்லாம் போட்டுக் கூட்டிக்கொண்டு போகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். சில நாட்களில் மூத்தவனை (7 வயது) காரில் இருத்திவிட்டு, சின்னவளைத் தூக்கிவர உள்ளே போவேன். கடும் குளிர் என்றால் கராஜுக்குள் வைத்தே, பெரிய கதவைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுவேன். பதினைந்து நிமிடம் சூடாக்காவிட்டால் எஞ்சின் பழுதாகிவிடும் என்கிறார் மாமா. இப்படி விட்டால் கார் களவு போகும், ஃபைனும் வரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இன்சூரன்ஸ் இருக்குத்தானே என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி? இன்னொன்று, மாமியின் அறை கராஜுக்கு மேலே இருப்பதால் அங்கே குளிர் அதிகம். காலையில் அடிக்கடி தலையிடி என்கிறார். கராஜைச் சூடாக வைத்திருக்க ஏதாவது வழி உண்டா?

பதில்:

தங்கச்சி, கேட்ட கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மாமியின் தலையிடி, அதைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

கராஜுக்கு மேலே அறை. கீழே காலையில் கார் ஓடுகிறது. மேலே இருப்பவருக்குக் காலையில் தலையிடி. இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது குளிர் அல்ல, காபன் மொனொக்சைட் வாயு. அந்தத் தலையிடிக்கு வேறு காரணம் இருக்கலாம். நான் மெக்கானிக், மருத்துவர் அல்ல. ஆனால் இதை ஊகத்தில் விட்டுவிடக் கூடாது. இன்றிலிருந்து கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடுவதை முற்றாக நிறுத்துங்கள். கதவு திறந்திருந்தாலும் வேண்டாம், இரண்டு நிமிடமானாலும் வேண்டாம். மாமியை மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது, அறைக்குக் கீழே கார் ஓடுகிற விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். யாரும் சொல்லாவிட்டால் மருத்துவர் அந்தப் பக்கம் யோசிக்கவே மாட்டார். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சின்னக் கருவி வீட்டில் இருக்கிறது, அதில் 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். இரத்தத்தில் ஒட்சிசன் ஏறியிருக்கிறதா, இந்த வாயு ஏறியிருக்கிறதா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கும் மேலாகப் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, வயிற்றைப் பிரட்டல், உடம்பில் சோர்வு. பார்த்தால் சளிக் காய்ச்சல் போலவே இருக்கும். நித்திரையில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகள்கூடத் தெரியாமல் போகலாம்.

"கதவைத் திறந்துதானே விட்டேன்" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கதவு திறந்திருப்பதால் புகை வெளியே போகும் என்று நம்புவது இயல்புதான். ஆனால் குளிர்காலத்தில் வீடு எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள். உள்ளே இருக்கும் சூடான காற்று மேலெழுந்து மேல்மாடி இடுக்குகளால் வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று உள்ளே இழுபடும். கீழே இருப்பது உங்கள் கராஜ். வீட்டுக்குள் போகும் கதவின் இடுக்கு, வயர் போகும் ஓட்டை, கராஜின் மேல்தட்டு, எல்லாவற்றாலும் கராஜ் காற்று மேலேறும். வெளியே காற்று வாசல் பக்கமாக அடித்தால் புகை வெளியே போவதற்குப் பதிலாக உள்ளேயே திரும்பும். காரை வெளியே எடுத்த பிறகும் கராஜில் தங்கிய வாயு உடனே போய்விடாது. நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் புறப்படுகிறீர்கள், அது மெல்ல மெல்ல மாமியின் அறைக்கு ஏறுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் சில நூறு டிகிரி சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் பெற்றோலையும் கூடுதலாகக் கொடுக்கும். ஆகவே ஸ்டார்ட் பண்ணிய முதல் சில நிமிடங்களில் வரும் புகைதான் உள்ளதிலேயே மோசமான புகை. அந்த நிமிடங்களைத்தான் நீங்கள் கராஜுக்குள் கழிக்கிறீர்கள். எங்கள் பட்டறையில் லொறி நுழைகிற அளவு கதவு இருக்கிறது. அப்படியிருந்தும் எஞ்சினை ஓடவிட்டு வேலை பார்க்கும்போது எக்ஸோஸ்ட் குழாயில் பெரிய ஹோஸ் ஒன்றை மாட்டிப் புகையை வெளியே விட்டபடிதான் செய்வோம்.

வீட்டில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கராஜ் ஒட்டிய வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் 2014ஆம் ஆண்டிலிருந்து சட்டம். புகை அலாரம் வேறு, இது வேறு. பின்பக்கத்தில் காலாவதித் திகதி போட்டிருக்கும், அதையும் பாருங்கள். மாமியின் அறை வாசலில் ஒன்று, ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று, பேஸ்மென்ட்டில் ஒன்று என்று வைப்பது நல்லது. அது அலறினால் யன்னலைத் திறந்துகொண்டு காரணம் தேடி நிற்காமல், எல்லோரும் வெளியே வந்து 911ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் கார் பட்டன் ஸ்டார்ட் என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. திறப்பைச் சுழற்றி எடுக்கிற பழக்கம் போய்விட்டதால், சத்தமில்லாத காரை நிறுத்தாமலே மறந்து கராஜில் விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். அமெரிக்காவில் இப்படிப் பல உயிர்கள் போன பிறகு, குறிப்பிட்ட நேரத்தில் எஞ்சின் தானாக நிற்கும் வசதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் சேர்த்தார்கள். உங்களுடைய 2016 மொடலில் அந்த வசதி இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நின்றுவிட்டது போல அமைதியாக இருக்கும், பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும்.

சரி, இனி மாமாவிடம் வருவோம். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் சொல்வது அவர் ஓட்டிய காருக்குச் சரியான பேச்சு. யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் கார்புரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பழைய பாகம்) வைத்த வண்டிகள். சோக்கை இழுத்து, எஞ்சின் ஒரு நிதானத்துக்கு வரும் வரைக்கும் பார்த்திருந்துதான் எடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது, கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்களே, அதற்கு எஞ்சின் சூடாக இருந்தேயாக வேண்டும். அந்த அனுபவத்திலிருந்துதான் அவர் பேசுகிறார்.

இங்கே கார்புரேற்றர் 1990ஐ ஒட்டிய வருடங்களிலேயே புதுக் கார்களிலிருந்து போய்விட்டது. இப்போது எஞ்சினின் சூட்டை ஒரு சென்சர் அளந்து சொல்ல, எவ்வளவு பெற்றோல் வேண்டும் என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. ஒயிலும் மாறிவிட்டது. 0டபிள்யூ-20 என்று போத்தலில் போட்டிருப்பதில் முதற்பாதி, குளிரில் அது எப்படி ஓடும் என்பதற்கான குறியீடு. 0டபிள்யூ வகை ஒயில், மைனஸ் 40 டிகிரியில் பம்ப் அதை இழுக்குமா என்று சோதித்துத் தேறியது. எஞ்சின் ஸ்டார்ட்டாகி அரை நிமிடத்துக்குள் ஒயில் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விடும். முதலில் சத்தமாக வேகமெடுத்து ஓடும் எஞ்சின் கொஞ்சம் தணியும், அப்போது எடுத்துவிடலாம். மைனஸ் 20 என்றால் இரண்டு மூன்று நிமிடம் போதும். கனடாவின் இயற்கை வளத் திணைக்களமும் அதே அளவைத்தான் சொல்கிறது.

எடுத்த பிறகு முதல் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள், உடனே ஹைவேயில் ஏறி அமத்த வேண்டாம். ஓடும்போதுதான் எஞ்சின் விரைவாகச் சூடாகும். சில்லின் பெயறிங், ரயர் எல்லாம் ஓடினால் மட்டுமே சூடாகும். நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் விட்டாலும் அவை குளிர்ந்தபடியே இருக்கும்.

மாமாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓடவிடுவதுதான் எஞ்சினுக்குக் கெடுதல். குளிர்ந்த சிலிண்டருக்குள் கூடுதலாகப் போகும் பெற்றோலில் ஒரு பகுதி எரியாமல் சுவரில் படிந்து, அங்கே இருக்க வேண்டிய ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஒயில் தொட்டிக்குள் இறங்கும். குளிர்காலம் முழுக்கக் காலையில் கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு இரண்டு கிலோமீற்றரில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போய்வருகிற கார்களில் ஒயில் ஸ்ரிக்கை இழுத்து மணந்தால் பெற்றோல் மணக்கும். செலவும் இருக்கிறது. மூன்று லீற்றர் எஞ்சின் ஒன்று பத்து நிமிடம் சும்மா ஓடினால் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் பெற்றோல் போகும். தினம் கால் மணி நேரம், குளிர்காலத்தில் அறுபது நாள் என்று வைத்தால் 27 லீற்றர்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இரண்டும் உண்மை. ரொறன்ரோ நகரச் சட்டப்படி ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வாகனத்தை நின்றபடி ஓடவிடக் கூடாது. ஆனால் ஃபைன் பெரிய விஷயம் அல்ல, களவுதான் பெரிய விஷயம். 2022இல் கனடா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் களவு போயின. 2023இல் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வாகனக் களவுக்காகக் கொடுத்தது 150 கோடி டொலர். 2024 மாசியில் இதற்கென்றே ஒட்டாவாவில் தேசிய மாநாடு கூட்டினார்கள். இதில் பெரும் பகுதி, தொழில்நுட்பக் கருவிகளோடு வரும் கூட்டங்களின் வேலை. மொன்றியல் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் போகும் கார்கள் அவை. உங்கள் டிரைவ்வேயில் காலை ஏழு மணிக்கு ஓடிக்கொண்டு நிற்கும் காரை எடுக்க எந்தக் கருவியும் தேவையில்லை. குளிர்நாளில் எக்ஸோஸ்ட்டிலிருந்து எழும் வெள்ளைப் புகை தெருமுனையிலிருந்தே தெரியும். அதைத் தேடிக்கொண்டே நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்கரியில் பொலிஸாரே குளிர்காலத்தில் குடியிருப்புத் தெருக்களில் சுற்றி, ஆளில்லாமல் ஓடும் கார்களைக் கண்டுபிடித்துச் சொந்தக்காரரின் கதவைத் தட்டி எச்சரிக்கிறார்கள். அந்த நடவடிக்கைக்கு 'கோல்ட் ஸ்டார்ட்' என்று பெயர்.

திறப்பு என் கைப்பையில்தானே இருக்கிறது, அது இல்லாமல் எப்படி ஓட்டுவான் என்று நீங்கள் நினைக்கலாம். 2007 செப்டம்பரிலிருந்து கனடாவில் விற்கும் புதுக் கார்களில் எஞ்சின் பூட்டு கட்டாயம்தான். ஆனால் அது தடுப்பது எஞ்சினை ஸ்டார்ட் செய்வதை. நீங்களே ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. பட்டன் கார்களில் திறப்பு தூரப் போனால் 'திறப்பைக் காணவில்லை' என்று எச்சரிக்கை வரும், பீப் அடிக்கும், எஞ்சின் மட்டும் நிற்காது. ஓடும் வண்டி சட்டென்று நின்றால் விபத்தாகிவிடும் என்பதால் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எடுத்தவன் எஞ்சினை நிறுத்தும் வரை, பெற்றோல் இருக்கும் வரை ஓட்டலாம். காருக்குள் கராஜ் கதவின் றிமோட் இருக்கும், உங்கள் விலாசம் போட்ட காகிதங்கள் இருக்கும். களவு போவது காரோடு முடியாது.

இன்சூரன்ஸ் பற்றி உங்கள் கணவருக்கு: ஒன்ராறியோவில் கட்டாயமான பகுதி, களவுக்குப் பணம் தருவதில்லை. 'கொம்ப்ரிஹென்சிவ்', 'ஓல் பெரில்ஸ்' போன்ற கூடுதல் பகுதி எடுத்திருந்தால்தான் களவுக்குக் கிடைக்கும், அதிலும் டிடக்டிபிள் என்ற முதல் தொகை உங்கள் கையிலிருந்து போகும். கார் இல்லாத நாட்களின் வாடகைக் கார் செலவுக்கு ஓபிசிஎஃப் 20 என்ற சேர்க்கை உதவும். உங்கள் பொலிசியில் இவை இருக்கின்றனவா, ஓடவிட்ட கார் களவு போனால் கிளெய்மை எப்படிப் பார்ப்பார்கள் என்று புரோக்கரிடம் நேரே கேளுங்கள். இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். ஒன்ராறியோவில் பெய்ஸ்லி என்ற சின்ன ஊரில், கார் திருத்தும் கராஜ் ஒன்றில் பூட்டாமல் திறப்போடு நின்ற காரை 2006இல் இரண்டு பதின்ம வயதுப் பையன்கள் எடுத்துப் போய் விபத்தில் சிக்கினார்கள். ஒருவனுக்கு மூளையில் பாரதூரமான காயம். கராஜ்காரரும் பொறுப்பா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2018இல்தான் முடிந்தது. ஏழுக்கு இரண்டு என்று கராஜ்காரருக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனாலும் பன்னிரண்டு வருடம் அந்த மனிதர் அதைச் சுமந்திருக்கிறார்.

இதையெல்லாம் விட எனக்குப் பதைப்பது, மூத்தவனைக் காரில் இருத்திவிட்டு உள்ளே போகிறேன் என்று எழுதியிருப்பதுதான். கார் எடுக்க வருகிறவன் பின் சீற்றைப் பார்க்க மாட்டான். கறுத்தக் கண்ணாடி, உறைந்த யன்னல், அவன் அவசரம். பிள்ளையோடு கார் போன செய்திகள் இந்த நாட்டில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலும் பிள்ளையைக் கண்டதும் எங்காவது விட்டுவிட்டு ஓடுகிறார்கள், ஆனால் அது மைனஸ் 15இல், பிள்ளைக்குத் தெரியாத தெருவாக இருக்கும். களவே நடக்காவிட்டாலும், ஸ்னோ கொட்டிய நாளில் எக்ஸோஸ்ட் குழாய் புதைந்திருந்தால் புகை காருக்குள் ஏறும். 2016 தை மாதப் பனிப்புயலில் நியூ ஜெர்சியின் பசேயிக் நகரில், தகப்பன் வெளியே ஸ்னோ அள்ளிக்கொண்டிருக்க, சூடாக இருக்கட்டும் என்று காருக்குள் இருத்திய மனைவியும் பிள்ளைகளும் அப்படித்தான் இறந்தார்கள். தகப்பன் நின்றது சில அடி தூரத்தில். ஸ்டார்ட் பண்ண முன்னர் பின்னால் போய்க் குழாயைச் சுற்றி ஸ்னோவை அள்ளிவிடுங்கள். பிள்ளைகள் ஏறுவது கடைசியில், உங்களோடு.

அப்படியானால் என்ன செய்யலாம்? செய்யும் வரிசையை மாற்றினாலே பாதி முடிந்தது. பிள்ளைகள் முழுதாக உடுத்தி வாசலில் நிற்கட்டும், வீட்டில் இன்னொரு பெரியவர் அவர்களோடு நிற்கட்டும். நீங்கள் வெளியே போய், காரை டிரைவ்வேயில் ஸ்டார்ட் பண்ணி, முன் கண்ணாடிக்குச் சூட்டைத் திருப்பிவிட்டு, பக்கத்திலேயே நின்று ஸ்னோவைத் தட்டிக் கண்ணாடியைச் சுரண்டுங்கள். அந்த மூன்று நான்கு நிமிடம் எஞ்சினுக்கும் போதும், கண்ணாடிக்கும் போதும். நகரச் சட்டம் சொல்லும் ஒரு நிமிடத்தை இது தாண்டும்தான், ஆகவே முடிந்தவரை சுருக்கிக்கொள்ளுங்கள். ஏசி பட்டனையும் போடுங்கள், குளிரில் ஏன் என்று யோசிக்காதீர்கள், அது உள்ளே உள்ள ஈரத்தை எடுத்துக் கண்ணாடி பூப்பதைக் குறைக்கும். முதல்நாள் மாலை இறங்கும்போது கால்மிதியில் உள்ள ஸ்னோவைத் தட்டிவிட்டால் உள்பக்கம் உறைவது பெருமளவு குறையும். சுடுதண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம், கண்ணாடி வெடிக்கும்.

றிமோட் ஸ்டார்ட்டர் போடலாம், நல்ல முதலீடு. கதவுகள் பூட்டியபடியே எஞ்சின் ஓடும், திறப்பில்லாமல் யாராவது ஏறி பிரேக்கை மிதித்தால் நின்றுவிடும், குறிப்பிட்ட நிமிடத்தில் தானாகவும் நிற்கும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று தெரியாத இடத்தில் போடாதீர்கள். வெளியிலிருந்து பொருத்தும்போது எஞ்சின் பூட்டைத் தாண்ட ஒரு பாகம் வைக்க வேண்டும், அதைச் சரியாகச் செய்யாவிட்டால் காரின் பாதுகாப்பே பலவீனமாகும். கார் கராஜுக்குள் நிற்கும் நாளில் அந்த றிமோட்டைத் தொடவே கூடாது. சமையலறையிலிருந்து தவறுதலாக அமத்தினாலும் நடப்பது அதேதான். மைனஸ் 20க்குக் கீழே அடிக்கடி போனால், எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கும் புளொக் ஹீற்றர் போடலாம். ரைமர் வைத்துப் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் மின்சாரம் போனால் போதும். புகையில்லாமல் எஞ்சின் சூடாகும், உள்ளேயும் சீக்கிரம் சூடு வரும்.

கராஜைச் சூடாக்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புரொப்பேன் அல்லது மண்ணெண்ணெய் ஹீற்றர் எதையும் அங்கே வைக்காதீர்கள், அதுவும் அதே வாயுவைத்தான் விடும். அந்த அறை குளிர்வதற்குக் காரணம் கராஜின் மேல்தட்டில் இன்சுலேஷன் போதாததுதான், பெரும்பாலான டவுன்ஹவுஸ்களில் அப்படி. அதைப் போட்டு, இடுக்குகளை அடைத்து, வீட்டுக்குள் போகும் கதவுக்கு நல்ல றப்பர் பட்டியும் தானாக மூடும் பிணைச்சலும் போடுங்கள். குளிரும் குறையும், கராஜ் காற்று ஏறுவதும் குறையும். காருக்குத் தனிச் சூடு தேவையில்லை. மூடிய கராஜில் நிற்கும் காரின் கண்ணாடியில் பனி உறையாது. ஸ்டார்ட் பண்ணி உடனே வெளியே எடுத்து, கதவைச் சிறிது நேரம் திறந்தபடி விட்டுவிட்டுப் பிறகு மூடுங்கள்.

மாமா இதற்குப் பிறகும் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட்டால், அவரைக் கூட்டிக்கொண்டு நல்ல பட்டறை ஒன்றுக்குப் போய், பற்றரியையும் ஒயிலையும் சோதிக்கச் சொல்லுங்கள். குளிரில் கார் ஸ்டார்ட் எடுக்கச் சிரமப்படுவதற்குப் பெரும்பாலும் பழைய பற்றரிதான் காரணம். நாலைந்து வருடம் தாண்டியிருந்தால் ஐப்பசிக்குள் மாற்றிவிடலாம். ஒயில், காரின் புத்தகத்தில் போட்டிருக்கிற வகையாகவே இருக்கட்டும்.